எல்லாருக்கும் ஒரே நம்பர்

நூற்று எண்பத்தாறு பேருக்கும் ஒரே போன் நம்பர்!

டெய்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைவிடப் பச்சையாக ஏமாற்ற முடியுமா?

எம்.சி.ஏ. கடைசி வருட பிராஜெக்டுக்காக நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். சைரன் அடித்தால், சுரங்கத்துக்குள் இருப்பவர்களின் பெயரும் வீட்டு நம்பரும் திரையில் வரவேண்டும். அதற்கான புரோகிராம் இரண்டு வாரமாகச் சோதனையில் ஓடுகிறது.

புரோகிராமில் 'ஊழியர்' என்று ஒரு பேஸ் கிளாஸ், எல்லா ஊழியருக்கும் பொதுவான அச்சு. அதிலிருந்து கிளைத்தவை பர்மனென்ட், காண்ட்ராக்ட். 'வீட்டுக்குத் தகவல்' என்பது, வீட்டு நம்பரைத் திரைக்குக் கொண்டுவர தனியாக எழுதி வைத்த ரோல். எந்தக் கிளாஸில் வேண்டுமானாலும் கொண்டுபோய் மாட்டலாம்.

மாட்டியிருந்தது பர்மனென்டில் மட்டும்.

போன வாரம் பிரிவுத் தலைவர் கருணாகரனிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"ஏன் சார், காண்ட்ராக்ட் ஆளுக்கு வூடு இல்லியா? பொண்டாட்டி புள்ள இல்லியா?"

"அந்த ரோலை மாட்டணும்னா அந்தக் கிளாஸ்ல எல்லாருக்கும் போன் நம்பர் இருக்கணும்மா. பாதிப் பேர் வீட்ல போனே கிடையாது. நம்பர் காலியா இருந்தா புரோகிராம் படுத்துடும்."

"அப்ப நம்பர் இல்லாதவன் செத்தா யாருக்கும் தெரிய வேணாமா?"

"வாய் கடலூர் வரைக்கும் நீளுதே! போய் வேலையைப் பாரு."

அவள் அப்பா சேவியர்ராஜுக்கு காண்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட் வேலை. முத்தாண்டிக்குப்பத்து வீட்டில் போன் இல்லை. அதை மட்டும் அவள் கருணாகரனிடம் சொல்லவில்லை.

இன்று பார்த்தால், ரோல் காண்ட்ராக்டிலும் ஏறியிருக்கிறது. போன் இல்லாத அத்தனை பேருக்கும் அதே ஒரு நம்பர். நாளை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் அல்லவா? காலி இடத்தை ஏதோ ஒரு நம்பரால் அடைத்துவிட்டால் புரோகிராம் ஓடிவிடும். கைதட்டலும் கிடைத்துவிடும்!

கேட்டே தீர்வது என்று எழுந்தாள்.

சைரன் அலறியது.

"மழையில மண்ணு சரிஞ்சிடுச்சாம்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடிவந்தான் கூட வேலை பார்க்கும் ஜெயகணேஷ்.

அப்பாவுக்கு இன்று முதல் ஷிப்ட்.

திரையில் பெயர்கள் வந்து விழுந்தன. கேட்டைத் தாண்டியவர்கள் பெயருக்கு எதிரே 'மேலே வந்தார்' என்று ஒவ்வொன்றாக மாறியது. அப்பா பெயர் மாறவில்லை. அதற்கு மேலே உள்ளது மாறியது. கீழே உள்ளது மாறியது. மாதாவே, மாதாவே!

ஜெயகணேஷ் பர்மனென்ட் ஆட்களின் குவார்ட்டர்ஸுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

"சார் எங்க?" என்றாள்.

"சைரன் அடிச்சதுமே ஸ்கூட்டரை எடுத்துட்டு வீட்டுக்குப் பறந்துட்டார்."

"ஊரே உயிரைக் கையில புடிச்சுக்கினு நிக்குது. இவருக்கு இப்ப வூடு கேக்குதா?"

திரை மீண்டும் அசைந்தது.

சேவியர்ராஜ்: மேலே வந்தார். காலில் அடி. ஆஸ்பத்திரி.

உயிர் இருக்கிறது. ஆனால் அம்மா? யாராவது வாய்க்கு வந்ததைச் சொல்லி, அவள் பாதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டால்? இங்கே இத்தனை பேருடைய அம்மாக்களுக்கு யார் சொல்வது?

அப்பா பெயருக்குப் பக்கத்தில் அந்த நம்பர் பல்லை இளித்தது.

இந்தப் பொய் எந்தப் பாழுங்கிணற்றில் போய் விழுகிறது, பார்த்துவிடுகிறேன்! இன்னொரு போனை இழுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை சரியாகப் போட்டாள்.

முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க. பேரு என்ன, எந்த ஊரு?"

"இது... யார் வூடுங்க?"

"கருணாகரன் வீடு. நான் அவர் சம்சாரம். சீக்கிரம் சொல்லுங்கம்மா, வாசல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு நிக்கிறார். போன் இல்லாத வீட்டுக்கெல்லாம் அவர்தானே நேர்ல போய்ச் சொல்லணும்!"