கட்டாததால்

விமான நிலையத்துக்குப் போன வேன் நாற்பது பெட்டி மல்லிகைச் சரத்தோடு மதியமே திரும்பி வந்துவிட்டது. டிரைவர் நீட்டிய கடிதத்தை முதலாளி தனுஷ்கோடி வாங்கவில்லை. அவனே உரக்க வாசித்தான்.

"அரசுக்குரிய தொகையைக் கட்டாததால் இந்நிறுவனத்தின் ஏற்றுமதிப் பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது."

பாயில் உட்கார்ந்திருந்த பவளக்கொடிக்கு அதில் ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

"எவன்யா கட்டலைன்னது? பன்னெண்டு பொம்பளைக விடியுமுன்ன வந்து உக்காந்தோம். ஒரு மொட்டு உதிரியாக் கிடக்கா, பாரு."

"பூ இல்லக்கா, வரி. ஏற்கெனவே மூணு தடவை எழுதிக் கேட்டிருக்காங்க."

அந்த மூன்று கடிதங்களும் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தன. தினமும் படத்துக்குப் பூ வைப்பவள் அவள்தான். ஏதோ வேண்டுதல் சீட்டு என்று நினைத்து அவற்றையும் தொட்டுக் கும்பிட்டிருக்கிறாள்.

"அப்ப எங்க கூலி?"

தனுஷ்கோடி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பெட்டிகளுக்குள் மொட்டுகள் விரியத் தொடங்கி, கொட்டகை கல்யாண வீடு மாதிரி மணத்தது.

பவளக்கொடி ஒரு பெட்டியைத் திறந்தாள். காலையில் தான் கட்டிய சரத்தைத் தானே பிய்த்து உதிர்த்து, நூல்கண்டோடு அவர் மடியில் போட்டாள்.

"நாங்க கட்டிட்டோம். இனி நீங்க கட்டுங்க, மொதலாளி."

அவர் நூலை எடுத்தார். இரண்டு பூவைச் சேர்த்து முடிச்சிடப் பார்த்தார். இரண்டும் நழுவி விழுந்தன. மறுபடியும் எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டே, பாயில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.