காளை கறந்த பதினாலு லிட்டர்

"எங்க காளை ஒரே நாள்ல பதினாலு லிட்டர் கறந்துச்சு சார். கம்ப்யூட்டரே சொல்லுது," என்றான் வாடிப்பட்டிக் கருத்தக்கண்ணன்.

பால் போட்டிக் குமாஸ்தா ஹாலாஸ்யம் அருவருப்போடு நிமிர்ந்தார். "காளை கறக்குமாய்யா?"

"மடியே இல்லாமக் கறந்திருக்கு. அதுக்குத்தான சார் பரிசு?"

ஊருக்கு ஊர் அதிகம் கறந்த மாட்டுக்கு ஒரு ஜெர்சிக் கிடாரி பரிசு. 1987இல் மதுரை தல்லாகுளத்து ஆபீசுக்கு வந்திறங்கிய கம்ப்யூட்டர், ஒவ்வொரு ஊரிலும் பெரிய எண்ணைச் சரியாகத்தான் பிடித்தது. பெயரை மட்டும் அந்த ஊரின் முதல் வரியிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டது. முதல் வரி எப்போதும் பசுக்களைச் சினையாக்கும் ஊர்ப் பொலிகாளைக்கு. பால் கட்டத்தில் சுழியம் இருந்தாலும் மரியாதை மரியாதைதான்.

"அம்புட்டும் எம் பசு கறந்தது சார். கிடாரி எனக்குத்தான் வரணும்," என்று அதே ஊர்ச் சீனியம்மாள் பரிசளிப்பு விழா மேடையின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காளையாவது, கறக்கிறதாவது. அசிங்கம்," என்றார் ஹாலாஸ்யம், மைக்குக்கே கேட்கும்படி.

போட்டித் தலைவர் பட்டியலின் அடியைப் படித்தார். "'கறந்ததை நேரில் பார்த்தேன்'னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கார். பொய்னா இன்னிக்கே வேலை போச்சு. யாருய்யா இது?"

ஹாலாஸ்யம் எட்டிப் பார்த்தார். ஐம்பது தாளிலும் தான் படிக்காமல் போட்ட அதே கையெழுத்து. மேலே 'ஹா', கீழே இரண்டு கோடு.

திரிந்த பாலைக் குடித்தவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டார். சீனியம்மாளின் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார். நேர்லதான் பார்த்தேன். காளைதான் கறந்தது."