தடித்த கற்கள்

கல்குவாரி ஊரான பப்பகாயுஸில் ஸ்லேட் கல் பதிக்கத் தெரியாதவர் கிடையாது. சுல்மீரா தன் வீட்டுக் கூடத்துக்குத் தானே பதித்தாள். உள்சுவரில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்பக்கமாகவே நகர்ந்து வரவேண்டும். இல்லாவிட்டால் ஈரத் தரைக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொள்ள நேரும்.

"ஆள் வெச்சுப் போடக் கூடாதாக்கா?" என்று மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள் பக்கத்து வீட்டு ஜெருசா.

"அவனுங்க போட்டா மேடும் பள்ளமுமா கிடக்கும். நீ போய்க் காப்பியைப் போடுடி."

ஒரு கல் தடிப்பாக இருந்தது. விளிம்பில் உளியை வைத்துத் தட்டினாள். கல் இரண்டு ஏடாகப் பிரிந்தது. அதுவரை காற்றே படாத உள்முகத்தில் ஈரமான காலடித் தடம் இருந்தது. இடது கால். சுண்டுவிரல் இல்லை. அவள் புருஷன் அடாவுட்டோவிடமிருந்து கல்குவாரி முதலில் பறித்தது அந்த விரலைத்தான். அவனைப் பறித்தது அதற்கப்புறம்.

தடம் காற்றில் உலர்ந்தது. அவள் கல்லைப் பதித்தாள். மட்டம் சரியாக இருந்தது. அடுத்த தடித்த கல்லுக்குள் வலது கால். அதற்கடுத்ததில் இடது. அவள் நகர நகர, அடிகளும் வாசலுக்கு வந்தன.

நிலைப்படியோரம் கடைசிக் கல்லைப் பிளந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

கலவை அள்ளத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால், முற்றத்துச் செம்மண்ணில், இரண்டு ஈரத் தடங்கள் சேர்ந்து நின்றன.

"யோவ், இன்னிக்கு உள்ள கால் வெக்காதே. நாளை வரைக்கும் காயட்டும்," என்றாள் சுல்மீரா. கடைசிக் கல்லை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினாள்.

ஜெருசா காப்பியோடு வந்தாள். தட்டில் மூன்று தம்ளர்கள் இருந்தன.