மூன்று ஏசி வீடு

“ராவில இந்த வீட்டில எத்தின பேர் படுப்பீங்க ஐயா?”

முன்சுவரில் டேப்பை வைத்து அளந்துகொண்டே அந்த இளைஞன் கேட்டான். பிலிப்புவுக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாதவன் காலையிலேயே வந்து கேட்கிற கேள்வியா இது?

பெயர் தனோஜன் என்றான். எலெக்ட்ரீசியனாம். “எலெக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் ஏத்துற பெட்டியச் சுவரில எங்க பூட்டலாம் எண்டு பாத்திட்டு வரச் சொல்லி ஜூலியன் அண்ணன் அனுப்பினவர்.”

ஜூலியன், பிலிப்புவின் ஒரே மகள் சுலக்ஷனாவுக்குப் பேசி முடித்திருக்கிற மாப்பிள்ளை. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் பொலன்னறுவையில் வேலை. இதுவரை அவன் இந்தத் தன்னாமுனைக்கு வந்து போனதெல்லாம் பஸ்ஸில்தான். இதில் கார் எங்கிருந்து முளைத்தது?

பிலிப்பு வாவி இறால் வாங்கி விற்கிறவர். முப்பது வருடத்தில் அடுத்தவன் தராசை இரண்டு தரம் தட்டிப் பார்க்காமல் ஒரு கிலோ வாங்கியதில்லை. கல்யாணப் பேச்சன்று, “எனக்கு ஒண்டும் வேணாம் மாமா” என்று ஜூலியன் சொன்னபோதே அவருக்குப் பொறி தட்டியது. ஒன்றும் வேண்டாம் என்கிறவன்தான் ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்ப்பான். இப்போது எண்ணிப் பார்க்க ஆளே வந்துவிட்டான்.

ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளை இங்கேதான் வந்து இருப்பான். பிலிப்புவும் மனைவி பீற்றிஸும் பின்வளவில் இரண்டு அறை போட்டு ஒதுங்குவதாக ஏற்பாடு. மகள் கண்ணுக்கு முன்னால் இருந்தால் போதும், அவருக்கு வேறு ஆசை கிடையாது. வீட்டில் ஒன்றுமில்லை என்று இவன் போய்ச் சொல்லி, சம்பந்தம் கலைந்துவிட்டால்?

“நாங்க ரெண்டு பேரும் மகளும்தான். ஏன் கேக்கிறீங்க?”

“கார் ராவிலதான் சார்ஜ் ஏறும். அந்நேரம் வேற என்னென்ன ஓடும் எண்டு பாக்கோணும்.” அவன் மீட்டர் பெட்டியைத் திறந்தான். “இது முப்பது அம்பியர் லைன் ஐயா. காருக்குப் பதினாறு போனா, மிச்சத்துக்குள்ளதான் வீடு இரிக்கோணும். ஏசி இரிக்கா?”

விஷயத்துக்கு வந்துவிட்டான் என்று பிலிப்பு நினைத்துக்கொண்டார்.

“மூண்டு,” என்றார்.

அவன் சுவர்களை அண்ணாந்து பார்த்தான். “காணல்லயே?”

“ரவுணில பெரிய கடையில சொல்லி வெச்சிரிக்கி. வாற கிழமை பூட்டுவாங்க. அறைக்கு ஒண்டு.”

தேநீரோடு வந்த பீற்றிஸ் வாயைத் திறந்தாள். பிலிப்பு பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

தனோஜன் கொப்பியில் எழுதினான். அவன் முகம் வாடிப்போனது. பொறாமையாக்கும் என்று பிலிப்புவுக்கு உற்சாகம் பிறந்தது.

“சுடுதண்ணி ஹீட்டர்?”

“ரெண்டு. கரண்ட் அடுப்பு ஒண்டு. மறுகா, இறால் வைக்கப் பெரிய பிறீசர் ஒண்டு.”

“எல்லாம் ஒரே நேரத்தில ஓடுமா ஐயா? கொஞ்சத்தக் குறைக்க ஏலாதா?”

“மகளுக்குக் குடுக்கிறதில குறைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல தம்பி.”

அவன் ஒழுங்கையில் இறங்கி மின்கம்பத்தைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

“ஏன் இந்தப் பொய்?” என்றாள் பீற்றிஸ்.

“உனக்கு விளங்காது. அவன் வேவு பாக்க வந்தவன். அவனிட்ட உள்ளதச் சொன்னா நம்மட புள்ளட வாழ்க்கை என்னாகிறது?”

அன்று பகல் பிலிப்பு வயிறாறச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்.

பின்னேரம், படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சுலக்ஷனா ஸ்கூட்டியை நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது.

“அப்பா, கலியாணம் முடிச்சு நாங்க பொலன்னறுவையில வாடகை வீடுதான் எடுக்கோணும்.”

பிலிப்பு கதிரையை விட்டு எழுந்தார். “என்ன மகள் சொல்றாய்? நீ இரிக்கத்தானே இந்த வீடு.”

“இஞ்ச இருந்து ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வர எண்டுதான் அவர் எலெக்ட்ரிக் கார் எடுக்கப் பாத்தார். உங்களயும் அம்மாவையும் விட்டுட்டு வரமாட்டன் எண்டு நான் சொன்னதாலதான் அந்தக் காரே. கார் கைக்கு வந்த பொறகு உங்களிட்டச் சொல்லுவம் எண்டு இருந்தம்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “சனிக்கிழமை நான் வீட்டில நிக்கக்குள்ள வரச் சொன்ன ஆள் இண்டைக்கே வந்து பாத்திட்டு, ஏலாது எண்டு சொல்லிட்டாராம். வீட்டில கரண்ட் பாவனை கூடவாம். பெரிய லைன் எடுக்க எண்டா நம்மட ஒழுங்கையில அதுக்குரிய கம்பி இல்லையாம். இரிக்கிறது ரெண்டு ஃபேனும் ஒரு பழைய பிறிஜ்ஜும். என்னத்தக் கண்டு அப்பிடிச் சொன்னாரோ தெரியா.”

பீற்றிஸ் போனை எடுத்து, மருமகனின் நம்பரைத் தட்டி, கணவரின் கையில் வைத்தாள்.

“சொல்லுங்க மாமா.” ஜூலியனின் குரல் சோர்ந்திருந்தது.

பிலிப்பு மகளின் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

“மருமகன், எங்கட வீட்டில ஒண்டும் இல்ல.”