இருக்கீங்களா?

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?" என்றார் மேனேஜர். அந்த ஆபீசில் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

விஷயம் இதுதான். அணைகளில் இருக்கும் மெஷின் ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் சொல்லும் ஆப்ஜெக்ட் என்கிற சின்ன மென்பொருள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அளவுகளைச் சேகரிக்க ஆபீசில் எழுதிய புது ஸ்கிரிப்ட் அவற்றோடு பேச வேண்டும். லைப்ரரி எனப்படும் ரெடிமேட் ப்ரோக்ராம் தொகுப்பு ஒன்றைச் சேர்த்தால் நேரடியாகவே பேசிவிடும். இல்லையென்றால், அக்கா எப்போதோ எழுதிய ப்ரோக்ராம் நடுவில் நிற்கும். அது முதலில் அணையில் இருப்பவரின் திரையில் "இருக்கீங்களா?" என்று கேட்கும். அவர் பட்டனைத் தட்டினால்தான் அளவு வரும்.

மற்ற அணைகளில் இப்போது ஆளே கிடையாது; அங்கே அந்தக் கேள்வியை நிறுத்தியாகிவிட்டது. மலைமேல் இருக்கும் அணையில் மட்டும் வயதான ஆபரேட்டர் ஒருவர் மிச்சம். நேரடி வழி வந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எந்த வழி என்று முடிவெழுதும் பொறுப்பு அக்காவுடையது; பழைய வழிதான் பாதுகாப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தான் பெத்த பிள்ளையை விட்டுக்கொடுப்பாங்களா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்துவிட்டாள்.

திரையில் வரும் "இருக்கீங்களா?"வுக்குக் கீழே இரண்டு வரி எழுத இடம் வைத்தவளும் அவள்தான். அதில் தினமும் அவரைக் கேட்பாள்: சாப்பிட்டாச்சா, அங்கே மழையா, முட்டிவலி தேவலையா. முகமே பார்த்திராத மனிதர். அவள் வீட்டில் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை, டிவிதான் பேசிக்கொண்டிருக்கும். ஆனாலும் இதைத் தனக்காகச் செய்ததாக அவள் நினைக்கவில்லை. பாவம், மலைமேல் ஒண்டியாகக் கிடக்கிறாரே என்றுதான் நினைத்தாள்.

நல்ல சேதியைத் தன் வாயாலேயே சொல்ல ஆசைப்பட்டு, முதல் தடவையாக அவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, பழைய வழியே இருக்கட்டும்னு எழுதிட்டேன். உங்களை இனிமே யாரும் அனுப்ப மாட்டாங்க."



"அப்படியாம்மா? சரி, மககிட்ட சொல்லிடறேன். வேலையை விட்டுட்டு வந்து பேரனோட இருங்கப்பான்னு ரொம்ப நாளா கூப்பிடறா. நான்தான் தள்ளிப்போட்டுக்கிட்டே வர்றேன்."

"ஏன்ணே?"

"ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸ்ல உக்காந்து சாப்பிட்டாச்சான்னு கேக்கறீங்க. நானும் போயிட்டா உங்களுக்குப் பதில் சொல்ல யாரும்மா இருக்கா?"

போனை வைத்த அக்கா, மேனேஜரிடம் போய்க் காகிதத்தைத் திரும்ப வாங்கி, நேரடியாகவே பேசட்டும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தாள்.