சோதனைக் கேள்வி

கொழும்புத் தமிழர் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு உதவிக்கொள்ளும் இணையத்தளத்தை மயூரியும் கணவன் கஜீவனும் வெள்ளவத்தை வீட்டிலிருந்தே நடத்தினார்கள். ‘திறந்தவை’, ‘மூடியவை’ என்ற பிரிவுகள் ஒருவருக்கும் விளங்கவில்லை என்று, அன்று பின்னேரம் ‘பதில் தேடுபவை’, ‘பதில் வந்தவை’, ‘முடிந்தவை’ எனப் பெயர் மாற்றினாள் மயூரி. கேள்வி கேட்டவர் மட்டுமே அதை முடித்து வைக்கலாம்.

சரிபார்க்க ஒரு பொய்க் கேள்வி போட்டாள்: “மகள் டியூஷன் முடிந்து இன்னும் வரவில்லை. மஞ்சள் குடை வைத்திருக்கிறாள். யாராவது கண்டீர்களா?” அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. “கொட்டாஞ்சேனையில பஸ் ஏறினவ.”

ஒரு மணித்தியாலம் கழித்து, “வெள்ளவத்தை மார்க்கெட்டடியில இறங்கிட்டா.” பிறகு, “உங்கட லேனுக்குள்ள திரும்பினவ.”

“ஆரோ பகிடி விடுகினம். அழிச்சுவிடும்,” என்றான் பக்கத்திலிருந்த கஜீவன்.

அழிக்கப் போனபோது கேள்வி ‘முடிந்தவை’யில் கிடந்தது. முடித்தவர்: மயூரி. அவள் அதைத் தொடவேயில்லை.

மழை பெய்து பத்து நாளாகிறது. கதவுக்கு உள்பக்கம் சாத்தியிருந்த மஞ்சள் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கஜீவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். குளியலறையில் யாரோ கால் கழுவினார்கள்.