பத்துக்கு எட்டு

தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலுக்குள் போய்ச் சிப்பி எடுக்கும் அந்த எட்டுப் பெண்களும், தண்ணீரில் இறங்கும் முன்பே தலைவலிப் பொடியை வாயில் கொட்டிக்கொள்வார்கள். வலி வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. அவர்களில் ஓக்ரானுக்கு மட்டும் வலது காதுக்கு மேல் வலி விடவேயில்லை.

"காதுப் புண் ஆறி ஒம்பது வருஷமாச்சு. உங்க நரம்புதான் இன்னும் கத்திக்கிட்டிருக்கு. இந்தப் பொடியே அதைத் தூண்டிவிடுது, நிறுத்துங்க. கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடும்," என்றார் டாக்டர். வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் எழுதச் சொன்னார்.

பொடியை நிறுத்திய முதல் நாள் எட்டு. வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

ஏழானபோது தலைவி மால்சுன் வலது காதுக்கு மேல் அழுத்திக்கொண்டாள். ஆறானபோது கூட முத்துக்குளிக்கும் கியேஜாவும். ஒன்றுக்கு வந்தபோது, கரையில் ஏழு பேரும் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ விட்ட பொடியையும் சேர்த்து நாங்கதான்டி திங்கறோம்," என்றாள் மால்சுன். எல்லாரும் சிரித்தார்கள். ஓக்ரானும் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வலியே இல்லை. பூஜ்யம் என்று எழுதிவிட்டுக் கஞ்சியை அடுப்பில் வைத்தாள். சியோலிலிருந்து மகள் ஹேரிம் போனில் கூப்பிட்டாள். அவள் கடலில் இறங்கியதே இல்லை.

"அம்மா, விடிஞ்சதிலேர்ந்து வலது காதுக்கு மேல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்மா."

ஓக்ரான் பூஜ்யத்தை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினாள். பொடியைக் கொட்டிக்கொண்டு, தலையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். கஞ்சி அடிப்பிடித்துக் கருகியது. வலி வரவில்லை.